புத்தகத்துக்குள் உலகம்: ரோல்பிளே தொடங்குமுன் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

கேள்வி சுருக்கமாக இது: நண்பர்கள் ஐந்து பேர், எழுத்து வழியாகவே ஆடும் ஒரு ஃபேன்டஸி ரோல்பிளே (ஆளுக்கு ஒரு கேரக்டராக இருந்து, கதையைச் சேர்ந்து எழுதும் ஆட்டம்) தொடங்க நினைக்கிறார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் ஓர் உலகம் இருக்கும், கேரக்டர்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வரலாம் என்பது கரு. மூன்று வாரமாகப் பேசியதில் இருபது உலகங்களின் பட்டியலும் இரண்டு வரைபடங்களும் ஒரு மந்திர முறையும் சேர்ந்துவிட்டன. ஆட்டம் மட்டும் தொடங்கவில்லை. எப்படித் திட்டமிடுவது?

முதலில் அந்தப் பட்டியலை மூடி வையுங்கள். கிழித்துப் போடச் சொல்லவில்லை, ஆறு மாதம் கழித்து உதவும். இப்போதைக்கு அதிலிருந்து மூன்றே மூன்று புத்தகங்களை எடுங்கள். மூன்றுகூட அதிகம் என்றால் இரண்டு.

நானும் இதே பள்ளத்தில் விழுந்தவன்தான். என் முதல் ஆட்டத்தில் ஒன்பது பேர், பதினேழு புத்தகங்கள். கடல் உலகம், பனி உலகம், இயந்திரங்களின் உலகம், இறந்தவர்களின் உலகம் என்று ஆளுக்கு இரண்டாக எழுதிக் குவித்தோம். மூன்றாவது வாரம் பார்த்தால் ஒன்பது பேரும் ஏழு உலகங்களில் சிதறிக் கிடக்கிறோம். என் கேரக்டர் ஒரு பாலைவனத்தில் தனியாக நின்று, யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தான். யாரும் வரவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை, முடித்துக்கொள்வோம் என்று யாரும் சொல்லவும் இல்லை. பேச்சு அப்படியே அடங்கிப்போனது.

பின்னால் யோசித்தபோதுதான் புரிந்தது. அந்தப் பதினேழு உலகங்களில் ஒன்றுக்குக்கூடப் புத்தகத்துக்குள் இருக்க வேண்டிய தேவை இல்லை. பதினேழு தீவுகள் என்று வைத்திருந்தாலும் பதினேழு கிரகங்கள் என்று வைத்திருந்தாலும் ஆட்டத்தில் ஒரு வரி மாறியிருக்காது. அட்டையைத் திறந்தோம், உள்ளே போனோம், அப்புறம் புத்தகம் என்பதையே மறந்துவிட்டோம். அதனால் நீங்கள் உலகத்தைத் திட்டமிடும் முன் புத்தகத்தைத் திட்டமிடுங்கள். உள்ளே எத்தனை மலை, எத்தனை அரசர்கள் என்பதெல்லாம் பிறகு தானாக வரும்.

முதல் தீர்மானம்: உங்கள் ஆட்டத்தில் புத்தகம் என்றால் என்ன? எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு. ஒன்று, புத்தகம் வெறும் கதவு. அந்த உலகம் எங்கோ தன் பாட்டுக்கு இருக்கிறது, புத்தகம் அங்கே கொண்டு போய் விடுகிறது. 1993இல் வந்த மிஸ்ட் என்ற கணினி விளையாட்டில் பக்கத்தில் கை வைத்தால் அந்த உலகத்தில் போய் நிற்போமே, அந்த மாதிரி. இது எளிது, ஆனால் மேலே சொன்ன தீவு நோய் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரண்டு, எழுத்துதான் அந்த உலகத்தின் விதி. எழுதியது மட்டும் அங்கே உண்டு, எழுதாதது இல்லை. மூன்று, புத்தகம் ஒரு மிச்சம். அழிந்துபோன உலகம் ஒன்றை யாரோ நினைவிலிருந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால் அங்கே எல்லாம் கொஞ்சம் பிசகியிருக்கும், எழுதியவருக்குப் பிடித்தவர்கள் அழகாகவும் பிடிக்காதவர்கள் கோரமாகவும் இருப்பார்கள்.

என் ஓட்டு இரண்டாவதுக்கு. காரணம், சேர்ந்து ஆடுவதில் வரும் பெரிய தகராறு ஒன்றை அது தானாகத் தீர்த்து வைக்கிறது: எதை யார் முடிவு செய்வது? இந்த விதியை வைத்துக்கொள்ளுங்கள்: புத்தகத்தில் எழுதியிருப்பதை யாரும் மறுக்க முடியாது, எழுதாமல் விட்டது அங்கே முதலில் காலடி வைப்பவருக்குச் சொந்தம். ஒரு சின்ன உதாரணம். புத்தகத்தில் 'அமைச்சரின் வீட்டு முகப்பில் பன்னிரண்டு தூண்கள் இருந்தன' என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. எழுதியவர் அந்த வீட்டுக்குள் கதையை நடத்தவே இல்லை. கேரக்டர் ஒருத்தி முகப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போகிறாள். அங்கே என்ன இருக்கும்? பின்பக்கமே இல்லை. தூண்களுக்குப் பின்னால் சுவர் காகித நிறத்தில் முடிகிறது, தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு. அவள் நினைத்தால் அங்கே ஒரு கதவு வரைந்துகொள்ளலாம், ஆனால் வரைந்ததை இனி அழிக்க முடியாது, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன என்பதை அடுத்தவர்தான் எழுதுவார். பாருங்கள், ஐந்து நிமிடத்தில் கேரக்டருக்கு ஒரு வேலை, ஆடுகிறவருக்கு ஓர் உரிமை, பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு முறை எல்லாம் கிடைத்துவிட்டது. பன்னிரண்டு தூண்களைப் பதின்மூன்று என்று மட்டும் யாரும் மாற்ற முடியாது.

அடுத்து, புத்தகம் என்பது ஒரு பொருள் என்பதை மறக்காதீர்கள். அதற்குத் தையல் உண்டு, ஓரம் உண்டு, பூச்சி உண்டு, ஈரம் உண்டு. வேறெந்த வகை உலகத்துக்கும் கிடைக்காத வசதி இது. ஓலைச்சுவடி படித்தவர்களுக்குத் தெரியும்: பழைய ஏடுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் ஒரே சொல்லை ஒருவர் 'காடு' என்று படிப்பார், இன்னொருவர் 'கரடு' என்று படிப்பார். பதிப்பாசிரியருக்கு இது தலைவலி, நமக்கு விருந்து. ஒரே ஏட்டைத் திறந்து இரண்டு பேர் நுழைகிறார்கள். 'காடு' என்று படித்தவள் மரங்களுக்கு நடுவே நிற்கிறாள். 'கரடு' என்று படித்தவன் அதே இடத்தில் மொட்டைப் பாறைமேல் நிற்கிறான். ஒருவர் குரல் இன்னொருவருக்குக் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. பாடபேதம் என்ற ஒரு சொல்லை வைத்தே நாங்கள் இரண்டு மாதம் ஆடினோம். இடைச்செருகலும் அப்படித்தான்: பின்னால் வந்த யாரோ நடுவில் நுழைத்த பாட்டுக்குள் பிறந்த ஒருவன், தன்னை மூலத்தின் ஆள் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். இதைவிட நல்ல வில்லன் எனக்குக் கிடைத்ததில்லை. கடைசியில் அவன் வில்லனாகவும் இல்லை, அது வேறு கதை.

இன்னொன்றும் உண்டு. தோல் ஏடுகளில் எழுதிய காலத்தில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு அதன்மேலேயே புதிதாக எழுதுவார்கள். ஆர்க்கிமிடீஸின் கணித நூல்கள் அப்படி ஒரு பிரார்த்தனைப் புத்தகத்துக்கு அடியில் கிடந்தன. 10ஆம் நூற்றாண்டுப் பிரதி, 13ஆம் நூற்றாண்டில் சுரண்டப்பட்டது. 1906இல் ஹைபெர்க் என்ற டென்மார்க் அறிஞர்தான் அடியில் இருப்பது ஆர்க்கிமிடீஸ் என்று கண்டுபிடித்தார். இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விவரம். தாள்களைத் திருப்பி மடித்துப் பயன்படுத்தியதால், பழைய எழுத்து புதிய எழுத்துக்குக் குறுக்காக ஓடுகிறது. அப்படியானால் உங்கள் ஆட்டத்தில் சுரண்டப்பட்ட உலகம் மேலே இருக்கும் உலகத்துக்குக் கீழே 'பாதாளத்தில்' இருக்காது. அது பக்கவாட்டில் கிடக்கும். அங்கே போக வேண்டியவர் சுவரில் நடக்கப் பழக வேண்டும்.

கதைப் புத்தகமாகவே எடுக்காதீர்கள் என்பது என் அடுத்த அறிவுரை. கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் கதைப் புத்தகத்துக்குள் ஏற்கெனவே ஒரு கதை ஓடிக்கொண்டிருக்கும், நம் கேரக்டர்கள் கல்யாண வீட்டுக்கு அழைக்காமல் வந்தவர்கள்போல் ஓரத்தில் நிற்க வேண்டியிருக்கும். கணக்குப் புத்தகம், அகராதி, வைத்தியச் சுவடி, நட்சத்திர அட்டவணை, பாதியில் நின்ற நாட்குறிப்பு, இலக்கணம், இவற்றுக்குள் உலகம் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அகராதி உலகத்தில் அகர வரிசையில்தான் பயணம் போக முடியும். வைத்தியச் சுவடியில் நோய் இல்லாத ஒருவரும் இருக்க மாட்டார்.

சரி, ஒரு புத்தகத்தை எப்படி எழுதி வைப்பது? பத்துப் பக்கம் வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். ஒரே ஒரு பக்கம் போதும். அதற்கு வேண்டிய படிவம் நம்மிடம் எழுநூறு எண்ணூறு வருடமாகத் தயாராக இருக்கிறது. நூலுக்குப் பாயிரம் எழுதும்போது ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்ற எட்டும் அதில் வர வேண்டும் என்கிறது நன்னூல். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த அதே எட்டுதான். அங்கே எல்லை என்றால் நூல் வழங்கும் நிலம், வழி என்றால் அது எந்த நூலிலிருந்து வந்தது என்பது. நாம் பொருளைக் கொஞ்சம் வளைத்துக்கொள்ளலாம், பவணந்தி முனிவர் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் இரண்டாவது ஆட்டத்தின் முதல் புத்தகத்துக்கு எழுதிய பாயிரம் கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

நூற்பெயர்: உப்பளக் கணக்கு, நான்காம் ஏடு.
ஆக்கியோன்: பெயர் எழுதாத ஒரு கணக்கர். இடது கைக்காரர், எல்லாப் பக்கத்திலும் மை இழுபட்டிருக்கிறது.
வழி: முதல் மூன்று ஏடுகள் தொலைந்துவிட்டன. அவற்றில் இருந்தவர்கள் இங்கே பழைய பாக்கியாக மட்டும் வருகிறார்கள்.
எல்லை: உப்பளம், கிடங்கு, படகுத்துறை. கடல் 'எதிர்க்கரை' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது.
யாப்பு: எண்ணியது மட்டும் இருக்கும்.
நுதலிய பொருள்: கிடங்கில் 40 மூட்டை குறைகிறது.
கேட்போர்: கணக்கைச் சரிபார்க்க வர வேண்டிய ஒருவர். இன்னும் வரவில்லை.
பயன்: உள்ளே போய் வந்தவருக்கு ஏதோ ஒன்றின் சரியான எண்ணிக்கை தெரிந்திருக்கும். எதன் எண்ணிக்கை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

அவ்வளவுதான் திட்டம். மூன்று கேரக்டர்கள் உள்ளே நுழைந்தார்கள். அங்கிருந்த யார் கண்ணுக்கும் அவர்கள் தெரியவில்லை, ஏனென்றால் கணக்கில் இல்லை. வேலையாட்கள் வரிசையில் நின்று பெயர் பதிந்த பிறகுதான் இரண்டு பேர் தெரிய ஆரம்பித்தார்கள். மூன்றாமவள் பெயர் கொடுக்க மாட்டேன் என்றாள். கணக்கரிடம் "மூட்டை, ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள். எழுதிக்கொண்டார். குறைந்த மூட்டை 40இலிருந்து 39 ஆனது. அடுத்த நிமிடம் இரண்டு சுமைக்காரர்கள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்குப் போனார்கள். இதை யாரும் திட்டமிடவில்லை. 'எண்ணியது மட்டும் இருக்கும்' என்ற ஒரு வரி செய்த வேலை இது. மற்ற 39 மூட்டைகளும் யார் என்ற கேள்வி அந்த இடத்தில்தான் பிறந்தது. அப்புறம் ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை.

நீங்கள் எழுதும் பாயிரத்தில் யாப்பும் நுதலிய பொருளும் ஒன்றோடொன்று உரச வேண்டும். எண்ணியது மட்டும் இருக்கும் என்ற விதியும், எண்ணிக்கை குறைகிறது என்ற பிரச்சினையும் உரசிய மாதிரி. உரசவில்லை என்றால் அந்தப் புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

எல்லாப் புத்தகங்களும் இருக்கும் நூலகம் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். எல்லாரும் அதை மிகப் பெரிதாக, மாயமாக, மாடி மாடியாகக் கட்டிவிடுகிறார்கள். அப்புறம் புத்தகத்துக்குள் போக யாருக்கும் மனமே வருவதில்லை, நூலகத்திலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு விளக்கு, பதிவேட்டுடன் ஒரு காவலர் போதும். ஐரோப்பாவில் இடைக்காலத்து நூலகங்கள் சிலவற்றில் புத்தகங்களை அலமாரியோடு சங்கிலியால் கட்டி வைத்தார்கள். ஹெரெஃபோர்ட் தேவாலயத்தில் அப்படி ஒரு நூலகம் இன்றும் இருக்கிறது. திருடு போகாமல் இருக்கத்தான் கட்டினார்கள். உங்கள் ஆட்டத்தில் சங்கிலி வெளியே இருப்பவர்களைத் தடுக்கவா, உள்ளே இருப்பவை வெளியே வராமல் இருக்கவா என்பதை ஆறாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று கேள்விகளுக்கு மட்டும் முன்கூட்டியே பதில் வேண்டும். புத்தகத்தை மூடினால் உள்ளே நேரம் ஓடுமா? உள்ளிருந்து எதை வெளியே கொண்டுவரலாம்? உள்ளே செத்தால் என்ன? நாங்கள் வைத்திருந்தது: மூடினால் நேரம் நிற்கும், சொல்லை மட்டும் கொண்டுவரலாம், செத்தவர் அந்தப் புத்தகத்தில் ஒரு பாத்திரமாக மிஞ்சுவார். நேரம் நிற்கும் என்பதற்குக் கலைக் காரணம் எதுவும் இல்லை. தேர்வு, வேலை, காய்ச்சல் என்று ஒருவர் பத்து நாள் காணாமல் போனாலும் கதை கெடாது என்பதற்காக வைத்தது. உங்களுக்கும் அதையே சொல்வேன்.

இனி ஆடும் மனிதர்களுக்கு வருவோம். முதல் காட்சிக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவதை செஷன் ஜீரோ என்பார்கள். எந்த விஷயம் ஆட்டத்தில் வரவே கூடாது, எது வந்தாலும் திரைக்குப் பின்னால் நடந்ததாக மட்டும் இருக்க வேண்டும் என்று இரண்டாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். கோடு, திரை என்ற இந்தப் பிரிவை முன்வைத்தவர் ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர். அதோடு ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் உருவாக்கிய எக்ஸ் கார்டையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஆட்டத்தில் அட்டை எதுவும் வேண்டாம், குழுவில் 'எக்ஸ்' என்று ஓர் எழுத்து தட்டினால் போதும். காட்சி அங்கேயே நிற்கும், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. புத்தகக் கருவில் இதற்கு இயல்பான ஒரு வடிவமும் உண்டு: அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டோம், அடுத்த பக்கத்திலிருந்து போகலாம்.

ஜி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துபவர், யார் என்ற கேள்விக்கு என் பதில்: ஒருவரே எல்லாவற்றுக்கும் வேண்டாம். புத்தகத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். பாயிரத்தை எழுதியவர்தான் அந்தப் புத்தகத்தின் ஆட்களாகப் பேசுவார். அவருடைய சொந்தக் கேரக்டர் அந்த நேரம் வெளியே, விளக்குக்குப் பக்கத்தில் காத்திருக்கட்டும். இல்லாவிட்டால் தான் வைத்த புதிரைத் தானே அவிழ்த்துக்காட்டும் சபலம் எவருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது.

எழுதும் விதத்தில் ஒரே ஒரு குற்றத்தை மட்டும் கண்டிப்பாகப் பிடியுங்கள். இப்படி ஒரு பதிவு வருகிறது என்று வையுங்கள்: "கவின் கதவைத் திறந்தான். காவலனை ஒரே வெட்டில் வீழ்த்தினான். நிலா பயந்துபோய் அவன் பின்னால் ஒளிந்தாள். சாவி இப்போது அவன் கையில்." நிலா வேறொருவருடைய கேரக்டர். அவள் பயப்படுவாளா, ஒளிவாளா என்பதை இவர் எப்படிச் சொல்லலாம்? இதை காட்மோடிங் என்பார்கள், அடுத்தவர் ஆளைத் தன் கையில் எடுத்துக்கொள்வது. காவலனையும் முடித்தாயிற்று, சாவியும் கிடைத்தாயிற்று, அடுத்தவர் வந்து என்ன எழுதுவார்? கைதட்டலாம். அதே காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள்: "கவின் கதவைத் தள்ளினான். காவலன் திரும்பவில்லை. முதுகுப்பக்கம் எழுத மறந்த ஆள் போலிருந்தான், சட்டைக்கு அங்கே நிறமே இல்லை. சாவிக்குக் கை நீட்டிய கவின், பாதியில் நிறுத்தி நிலாவைப் பார்த்தான்."

இப்போது அடுத்தவருக்கு இரண்டு பிடி கிடைத்திருக்கிறது. நிலா என்ன செய்வாள், நிறமில்லாத முதுகு என்ன ஆகும். நாங்கள் இதற்கு அந்தாதி விதி என்று பெயர் வைத்திருந்தோம். முன்னவர் கடைசியாக விட்ட சொல்லையோ பொருளையோ எடுத்துத்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும். "நிலா பார்த்தது அவனை அல்ல, அவன் கையின் நிழலை. நிழல் மட்டும் சாவியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருந்தது." இந்த விதியால் ஒரு மறைமுக லாபம் உண்டு. முன்னவர் எழுதியதைப் படிக்காமல் யாரும் பதிவிட முடியாது.

வேகக் கணக்கு ஒன்று போட்டுக்காட்டுகிறேன், பலர் இதில்தான் சறுக்குகிறார்கள். ஐந்து பேர், வரிசையாக ஒருவர் பின் ஒருவர், ஆளுக்கு இரண்டு நாள் அவகாசம் என்று வைத்தால் ஒரு சுற்றுக்குப் பத்து நாள். மாதத்துக்கு உங்கள் முறை மூன்று தடவைதான் வரும். கதவைத் திறக்க ஒரு மாதம், உள்ளே பார்க்க ஒரு மாதம் என்று போகும். அதனால் வரிசை வேண்டாம். 'நான் எழுதிய பின் வேறு இரண்டு பேர் எழுதினால் மறுபடி நான் எழுதலாம்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காட்சியில் மூன்று பேருக்கு மேல் இருக்கவும் வேண்டாம், ஒரே சமயத்தில் இரண்டு புத்தகங்களுக்கு மேல் திறந்திருக்கவும் வேண்டாம். பதிவின் நீளம் எண்பதிலிருந்து இருநூறு சொல். நாவல் எழுதும் ஆசை உள்ளவர் ஒருவர் எல்லாக் குழுவிலும் இருப்பார், அவரை அன்போடு அடக்குங்கள்.

இடத்தை வர்ணிப்பதற்குப் பழைய முறை ஒன்று நன்றாக வேலை செய்கிறது. எழுத்தை மட்டும் வைத்துப் பலர் சேர்ந்து ஆடும் கணினி ஆட்டம் 1978லேயே எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த அந்த ஆட்டத்துக்கு மட் என்று பெயர். ஓர் இடத்துக்கு வந்தால் சில வரி வர்ணனை, அங்கிருந்து வேறு இடத்துக்குப் போக வழிகள். அதையே பின்பற்றுங்கள். புதிய இடம் வந்தால் மூன்று வாக்கியம், இரண்டு வழி. ஒரு வழி மற்றதைவிடக் கொஞ்சம் ஆபத்தாகத் தெரியட்டும்.

பகடை வேண்டுமா? கட்டாயமில்லை. ஆனால் 'அவனால் முடியுமா முடியாதா' என்று இரண்டு பேர் அரை மணி நேரம் வாதாடுவதைவிடப் பகடை உருட்டுவது மேல். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற ஆட்டத்திலிருந்து பரவிய முறை எளிமையானது. இரண்டு பகடை உருட்டிக் கூட்டுங்கள். 10ம் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை வந்தால் நடக்கும், ஆனால் ஒரு விலை கொடுக்க வேண்டும். 6ம் அதற்குக் கீழும் என்றால் நிலைமை மோசமாகும். இரண்டு பகடை விழக்கூடிய 36 விதங்களில் முழு வெற்றிக்கு 6, விலைக்கு 15, சிக்கலுக்கு 15. அதாவது பாதிக்கு மேல் ஏதோ ஒரு வகையில் நடக்கும், சும்மா நடப்பது மட்டும் அபூர்வம். விலையைப் புத்தகத்தோடு கட்டுங்கள். தப்பித்துவிட்டாய், ஆனால் உன் ஞாபகத்திலிருந்து ஒரு சொல் போய்விட்டது, இனி அந்தச் சொல்லை நீ பதிவில் எழுதக் கூடாது. ஒரு நண்பர் 'கதவு' என்ற சொல்லை இழந்துவிட்டு, ஏழு வாரம் "சுவரில் திறக்கும் பலகை" என்று எழுதிக்கொண்டிருந்தார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அது கொஞ்சம் சோகமாகவும் ஆகிவிட்டது.

ஏற்கெனவே இருக்கும் புகழ்பெற்ற நாவல்களுக்குள் போகலாமா என்று கேட்பீர்கள். உங்களுக்குள் ஆடி மகிழ்வது வேறு, பின்னால் தொகுத்து வெளியிட நினைப்பது வேறு. வெளியிடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் காப்புரிமையைப் பாருங்கள். பெர்ன் உடன்படிக்கைப்படி பொதுவாக எழுதியவர் காலத்துக்குப் பிறகு குறைந்தது 50 ஆண்டு, பல நாடுகளில் அதற்கும் மேல். என்னைக் கேட்டால் சட்டத்தைவிடப் பெரிய தொல்லை வேறு. புகழ்பெற்ற நாவலுக்குள் போனால், ஐந்து பேரில் அதை நன்றாகப் படித்த ஒருவர் மற்ற நால்வரையும் திருத்திக்கொண்டே இருப்பார். சொந்தமாக எழுதிய பாயிரத்துக்கு அப்படி நிபுணர் யாரும் கிடையாது.

குறிப்பேடு ஒன்று அவசியம். பகிர்ந்த கோப்பாக இருக்கட்டும். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஐந்து வரி: யார் எங்கே, எது புதிதாக எழுதப்பட்டது (பின்பக்கத்துக் கதவு மாதிரி), எந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. காட்சியில் இல்லாத ஒருவர் அதை எழுதட்டும். உள்ளே இருந்தவர் எழுதினால் தான் என்ன நினைத்தேன் என்பதைத்தான் எழுதுவார். வெளியிலிருந்து படித்தவர், பக்கத்தில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதை எழுதுவார். தகராறு வந்தால் குறிப்பேட்டில் இருப்பதே செல்லும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஒரு மணி நேரப் பேச்சு, மூன்று பேர் ஆளுக்கு ஒரு பாயிரம், அவற்றில் விதியும் பிரச்சினையும் நன்றாக உரசும் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் திறப்பது. கேரக்டருக்கு நீளமான பூர்வகதை வேண்டாம். பெயர், வாசிக்கும் பழக்கம் (கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பவரா, ஓரத்தில் கிறுக்குபவரா, விரலில் எச்சில் தொட்டுப் புரட்டுபவரா), வெளியே அவர் எதிலிருந்து தப்பித்து இந்த அறைக்கு வந்தார் என்று ஒரு வரி. வாசிக்கும் பழக்கத்தைச் சும்மா கேட்கவில்லை. ஓரத்தில் கிறுக்குபவர் கையில் பென்சிலோடு ஓர் உலகத்துக்குள் போகிறார் என்றால், அதை வைத்து என்னென்ன செய்யலாம் என்று உங்களுக்கே தோன்றும்.

ஒருவர் பாதியில் விலகினால் கேரக்டரைக் கொல்லாதீர்கள், வேறு யாரும் எடுத்தும் ஆடாதீர்கள். அவர் கடைசியாக இருந்த பக்கத்தில் ஓர் அடையாள நாடா வைத்ததாகக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வையுங்கள். எங்கள் ஆட்டத்தில் அந்த மூட்டைப் பெண்ணாக ஆடியவர் எட்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்த அன்று யாரும் எதுவும் கேட்கவில்லை. பொறுப்பாளர் ஒரே வரி தட்டினார்: "கிடங்கின் கதவு திறக்கிறது, யாரோ விளக்கோடு மூட்டைகளை எண்ண வருகிறார்." அவர் பதில் எழுத நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.